பெயரை முன்மொழிந்தால் போதுமா? ஜே-பால் வலையமைப்புக்குள் நுழையும் வழி

வறுமை ஒழிப்புத் திட்டங்களைக் குலுக்கல் முறையில் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு 2019இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். இத்தகைய ஆராய்ச்சிகளை நடத்தும் ஜே-பால் என்ற அமைப்பின் பெயரும் அப்போதுதான் நம் பத்திரிகைகளில் பரவலாக அடிபட்டது. மூவரைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. அவர்களைச் சுற்றி இருக்கும் பேராசிரியர் வலையமைப்பில் யார் சேர்கிறார்கள், யார் சேர்த்துவிடுகிறார்கள், சேர்ந்தவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பற்றி மட்டும் அதிகம் பேச்சில்லை. உள்விவகாரம்போலத் தோன்றினாலும், எந்த ஊரில் எந்தக் கேள்வி ஆராயப்படும் என்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பானர்ஜி, டுஃப்லோ, தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த செந்தில் முல்லைநாதன் ஆகிய மூவரும் சேர்ந்து ‘பாவர்ட்டி ஆக்‌ஷன் லேப்’ என்று தொடங்கினார்கள். 2005இல் எம்.ஐ.டி.யின் பழைய மாணவரான தொழிலதிபர் முகமது அப்துல் லத்தீஃப் ஜமீல் பெரும் நன்கொடை தர, அவருடைய தந்தையின் பெயர் முன்னால் சேர்ந்தது. ‘ஜே’ என்பது ஜமீல், ‘பால்’ என்பது பழைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். 2007இல் தெற்காசிய அலுவலகம் சென்னையில் உள்ள நிதி மேலாண்மை ஆராய்ச்சி நிறுவனமான ஐ.எஃப்.எம்.ஆரில் தொடங்கியது. பாரிஸ், சாந்தியாகோ, கேப்டவுன், ஜகார்த்தா, கெய்ரோ என்று மற்ற அலுவலகங்களும் அந்தந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்தே அமைந்தன.

இந்த அமைப்பின் வினோதம் ஒன்று உண்டு. அலுவலகங்கள் பணம் திரட்டும், அரசுத் துறைகளோடு பேசும், களப்பணியாளர்களை அமர்த்தும், பயிற்சி நடத்தும். ஆனால் கேள்வியைத் தேர்ந்தெடுப்பதும் ஆய்வை வடிவமைப்பதும் கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்வதும் பேராசிரியர்கள். அவர்கள் ஜே-பாலில் சம்பளம் வாங்குபவர்கள் அல்ல. உலகின் வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் வேலை பார்ப்பவர்கள். ‘அஃபிலியேட்’ என்று அவர்களை அழைக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு சின்ன நண்பர் குழாம், இன்று நூற்றுக்கணக்கானவர்கள். இந்தப் பட்டியலில் சேர விண்ணப்பம் போட்டால் போதாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் பெயரை முன்மொழிய வேண்டும், அதை அமைப்பு பரிசீலித்து ஏற்க வேண்டும்.

அப்படியென்ன தேவை அந்தப் பட்டியலில் இடம்பிடிக்க? ஒரு ஆர்.சி.டி. (திட்டம் யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து, பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிடும் சோதனை) எப்படி நடக்கிறது என்று பார்த்தால் புரியும். தமிழ்நாட்டில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அங்கன்வாடியில் ஒரே பணியாளர்தான் ஊட்டச்சத்து, எடை பார்ப்பது, பதிவேடு, வீடு வீடாகப் போவது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, நடுவில் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லித்தர வேண்டும். முன்பருவக் கல்விக்கென்று அரை நாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினால் என்ன ஆகும்? அலெஹாந்த்ரோ கானிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டஃபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் மாநில அரசோடு சேர்ந்து நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, எந்த மையத்துக்குக் கூடுதல் ஆள் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். பாடம் சொல்லித்தரும் நேரம் இரு மடங்கானது. பிள்ளைகளின் கணக்கும் மொழித்திறனும் கூடின. வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்தன.

முடிவைச் சொல்ல ஒரு பத்தி போதும். செய்து முடிக்க ஆண்டுக்கணக்கு. அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். குலுக்கலை யாரும் நடுவில் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரி வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சந்தித்துத் தேர்வு வைக்கும் கணக்கெடுப்பாளர்கள் வேண்டும். அவர்கள் உண்மையாகவே போனார்களா என்று மறுபடி போய்ச் சரிபார்க்க இன்னொரு அணி வேண்டும். செலவு ஏறுவதற்குப் புள்ளியியலே ஒரு காரணம். நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் விளைவு பாதியாகச் சுருங்கினால், மாதிரி நான்கு மடங்காக வேண்டும். குலுக்கல் கிராம அளவிலோ பள்ளி அளவிலோ நடந்தால் ஒரே கிராமத்தில் இன்னும் நூறு பேரைச் சேர்த்துப் பெரிய பயன் இல்லை. கிராமங்களின் எண்ணிக்கையைத்தான் கூட்ட வேண்டும். ஒரு கல்லூரி ஆசிரியர் சொந்தப் பணத்திலும் கோடை விடுமுறையிலும் செய்துவிடக்கூடிய ஆராய்ச்சி இல்லை இது. ஆகவே நிதியும் களமும் அரசுத் தொடர்பும் ஒருசேரக் கிடைக்கும் இடம் எதுவோ, அதன் வாசலில் கூட்டம் கூடும்.

பரிந்துரை முறைக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு கள ஆய்வு ஒழுங்காக நடந்ததா என்பது அச்சான கட்டுரையைப் படித்தால் தெரியாது. குலுக்கல் உண்மையிலேயே குலுக்கலா, விட்டுப்போன வீடுகளை மறைத்தார்களா, மக்களிடம் சம்மதம் கேட்டார்களா, கூட்டாளித் தொண்டு நிறுவனத்துக்குப் பிடிக்காத முடிவு வந்தபோது என்ன செய்தார்கள் என்பதெல்லாம் கூட வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஜே-பால் ஓர் அரசிடம் ‘இவரை நம்பி உங்கள் பள்ளிகளைத் திறந்துவிடுங்கள்’ என்று சொல்லும்போது, அதன் பெயரும் அங்கே பணயம் வைக்கப்படுகிறது. ஓர் ஆய்வு குளறுபடியானால் அந்த மாநிலத்தில் அடுத்த பத்து ஆய்வுகளுக்கும் கதவு மூடிவிடும். இந்த நிலையில் ‘தெரிந்தவர் சொல்லட்டும்’ என்பது சோம்பேறித்தனம் இல்லை.

ஆனால் தெரிந்தவர் என்றால் யார்? முன்மொழிபவர் ஒருவரை எங்கே பார்த்திருப்பார்? தன் முனைவர் பட்ட மாணவராக, தன் துறையில் கருத்தரங்கில் பேசியவராக, தன் கட்டுரைகளின் இணை ஆசிரியராக, முன்பு தன் திட்டத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்து பிறகு அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவராக. இந்த வழிகள் எல்லாமே பத்துப் பதினைந்து பல்கலைக்கழகங்களைச் சுற்றியே ஓடுகின்றன. மதுரையிலோ உகாண்டாவின் கம்பாலாவிலோ முனைவர் பட்டம் வாங்கி அங்கேயே பாடம் நடத்தும் ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இந்தப் பாதைகளில் எதிர்ப்படவே மாட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவரைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு முடிச்சு இதைவிடக் கெட்டியானது. அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை பார்த்தால்தான் அனுபவம் என்று படித்துமுடித்த பிள்ளைகள் அலுத்துக்கொள்வதுபோல, ஆர்.சி.டி. செய்து காட்டியவரைத்தான் வலையமைப்பு ஏற்கும், ஆர்.சி.டி. செய்யப் பணம் வேண்டும். அந்தப் பணத்தில் பெரும்பங்கு வலையமைப்பில் இருப்பவர்களுக்கு. ஜே-பாலின் நிதிப் போட்டிகள் பெரும்பாலானவற்றின் விதிகளைப் படித்தால் இது பளிச்சென்று தெரியும். அஃபிலியேட்கள் விண்ணப்பிக்கலாம், அந்தந்தத் திட்டத்துக்கென அழைக்கப்பட்ட ஆராய்ச்சியாளர்கள் விண்ணப்பிக்கலாம், முனைவர் பட்ட மாணவர்கள் விண்ணப்பிக்கலாம், ஆனால் அவர்களுடைய சொந்தப் பல்கலைக்கழகத்தில் பட்ட ஆய்வை மேற்பார்க்கும் குழுவில் வலையமைப்பைச் சேர்ந்த ஒருவர் இருக்க வேண்டும். கடைசி விதியைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மாணவரைக் காப்பாற்றவும் பொறுப்பேற்கவும் ஒருவர் வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான் அதற்குப் பின்னால். ஆனால் விளைவு? ஹார்வர்டில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆய்வு செய்யப் பணம் கேட்கலாம். தஞ்சாவூரில் இருபது ஆண்டு பாடம் நடத்தும் பேராசிரியர் அதே போட்டியில் தானாக நுழைய முடியாது.

இந்தக் குறை வெளியாள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை; உள்ளே இருப்பவர்களே கவனித்திருக்கிறார்கள். ‘அழைக்கப்பட்ட ஆராய்ச்சியாளர்’ என்ற வகை வந்ததே அதனால்தான். முழு உறுப்பினர் ஆக்காமல், ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கோ வட்டாரத்துக்கோ மட்டும் ஒருவரை முன்மொழிந்து சேர்த்துக்கொள்ளலாம். தரமதிப்பு சற்றுத் தாழ்ந்த நாற்காலிதான், இருந்தாலும் பணம் கேட்கும் உரிமை கிடைக்கிறது. ஆப்பிரிக்காவில் பணிபுரியும் முனைவர்களுக்கென்று தனி வழியும் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி வளாகத்தில் 2008இல் தொடங்கிய சீகா என்ற வளர்ச்சி ஆய்வு மையம் வேறொரு பாதையை எடுத்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா, எத்தியோப்பியா, ருவாண்டா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஆராய்ச்சியாளர்களை ஒரு பருவம் பெர்க்லிக்கு வரவழைத்து, வகுப்புகளில் உட்காரவைத்து, ஓர் ஆய்வுத் திட்டத்தை எழுதவைத்து, ஊர் திரும்பியதும் சிறு நிதிக்குப் போட்டியிட வைத்தது. அப்படிப் போய்வந்தவர்கள் பிறகு தாங்களாகவே ஆப்பிரிக்க ஆராய்ச்சியாளர்களுக்கான ஒரு வலையமைப்பைக் கட்டிக்கொண்டார்கள். மற்றவர்களின் பட்டியலில் இடம் கேட்டு நின்றவர்கள் சொந்தமாக ஒரு பட்டியலைத் தொடங்கிவிட்டார்கள். இந்த முயற்சிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான்.

பயிற்சியைப் பொறுத்தவரை கதவு ஏற்கெனவே அகலமாகத்தான் திறந்திருக்கிறது. ஆர்.சி.டி. நடத்தக் கற்றுத்தரும் பாடங்கள் 2017 முதல் எம்.ஐ.டி.யின் இணையப் பாடங்களாகக் கிடைக்கின்றன. தேர்வில் நன்றாகச் செய்தவர்கள் எம்.ஐ.டி.யிலேயே ஒரு முதுகலைப் படிப்பில் சேரலாம், அதன் முதல் அணி 2020இல் வந்தது. எந்த ஆர்.சி.டி.யையும் தொடங்கும் முன்பே பகிரங்கமாகப் பதிவு செய்யும் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் பதிவேடு 2013 முதல் இயங்குகிறது. அதில் பதிய யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. ஆக, கற்றுக்கொள்ளத் தடையில்லை. கற்றதை வைத்து முதல் ஆய்வைச் செய்யும் இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் ஆய்வுக்கு என்ன துணை வேண்டும்? பணம் என்று சொல்லிவிடலாம், ஆனால் எந்தப் பணம், எப்போது என்பது முக்கியம். பெரிய தொகை கடைசியில்தான் தேவைப்படும். அதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய், திட்டத்தை நடத்தும் அமைப்பைப் பேசிச் சம்மதிக்க வைத்து, கேள்வித்தாளை நாற்பது ஐம்பது வீடுகளில் ஓட்டிப் பார்த்து, பாதியைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எழுத ஒரு சிறு தொகை வேண்டும். அடுத்து, பைலட் எனப்படும் சிறு முன்னோட்டம். ஜே-பாலும் அதனால் நிதியை மூன்று படிகளாகத்தான் தருகிறது: திட்டத்தை உருவாக்க, பைலட் நடத்த, முழு ஆய்வு செய்ய. புதியவருக்கு உண்மையில் உயிர் கொடுப்பது முதல் படிதான். அந்தத் தொகையை இழந்தால் நிதி கொடுப்பவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆகவே அதற்கு மட்டுமாவது பரிந்துரை நிபந்தனையைத் தளர்த்தலாம் என்பது என் கருத்து. பெரிய பணத்துக்குக் கெடுபிடி இருக்கட்டும், பஸ் செலவுக்கு எதற்கு?

அப்புறம் நேரம். இது எந்த நிதி அறிவிப்பிலும் சரியாக இடம்பெறுவதில்லை. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகத்தில் இருப்பவர் வருஷத்துக்கு இரண்டு மூன்று பாடம் நடத்துவார்; களத்துக்குப் போக விடுப்பும் கிடைக்கும். நம் கல்லூரிகளில் வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு, விடைத்தாள் திருத்தம், கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்குக் கோப்பு தயாரிப்பு, தேர்தல் பணி. கிழக்கு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் கற்பித்தல் சுமை அதிகம்; சம்பளம் போதாமல் ஆலோசகர் வேலையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஆய்வுச் செலவு முழுவதையும் கொடுத்துவிட்டு, ஆராய்ச்சியாளரின் நேரத்துக்கு ஒரு காசும் ஒதுக்காத நிதி, வசதியான துறையில் இருப்பவருக்கே சாதகமாக முடிகிறது. ஒரு பருவத்துக்கு அவருடைய வகுப்புகளை எடுக்க விருந்தினர் விரிவுரையாளருக்குப் பணம் கொடுப்பது, இன்னொரு மென்பொருள் உரிமம் வாங்கித் தருவதைவிடப் பயன் தரும்.

நெறிமுறைக் குழு இன்னொரு சிக்கல். மனிதர்களைக் கொண்டு நடக்கும் எந்த ஆய்வுக்கும் அதன் ஒப்புதல் வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் அத்தகைய குழு இருக்கும். பொருளியல், கல்வியியல் துறைகள் மட்டுமே உள்ள பல கல்லூரிகளில் கிடையாது. வழிகாட்டி ஒருவர் கையில் இருந்தால் ‘எங்கள் குழுவில் போட்டு வாங்கிவிடலாம்’ என்பார். கையில் இல்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார்.

வழிகாட்டி என்ற சொல்லை எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். நடைமுறையில் அது இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்றில், மூத்தவர் மாதம் ஒருமுறை பேசுவார், மாதிரி அளவைக் கணக்கிட்டுக் காட்டுவார், எந்த அதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லுவார், கட்டுரை இளையவருடையது. இன்னொன்றில், கேள்வி மூத்தவருடையது, பணமும் மூத்தவருடையது, இளையவர் ‘உள்ளூர்க் கூட்டாளி’. ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைந்து அனுமதி வாங்குவதும் கணக்கெடுப்பாளர் சண்டையைத் தீர்ப்பதும் அவர் வேலை. இரண்டாவது வகையில் அவருக்கு ஒரு பெயர் கிடைக்கும், ஆனால் அடுத்த ஆய்வைத் தனியாகச் செய்யும் திறமை வளராது. முன்மொழிபவரே இணை ஆசிரியராகவும் இருக்கும்போது எது எந்த வகை என்று வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். யார் முதன்மை ஆய்வாளர், நிதி யார் பெயரில் வருகிறது, மூலத்தரவு யார் கையில் இருக்கிறது என்ற மூன்றையும் கேட்டால் ஓரளவு வெளிச்சமாகிவிடும்.

சென்னையில் இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது, ஜே-பாலுக்கு அரை நூற்றாண்டு முந்தையது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை மாநில அரசு எல்லாம் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை இங்கே நிறுவின. வழிநடத்த வந்தவர் பிரிட்டனின் வாலஸ் ஃபாக்ஸ். காசநோயாளிகளைச் சானடோரியம் எனப்படும் தனி மருத்துவமனையில் சேர்த்துத்தான் குணப்படுத்த முடியுமா, வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் போதாதா என்பது கேள்வி. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். 1959இல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவுக்குப் பலன் தருகிறது என்று காட்டியது; வீட்டிலிருப்பவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வெளியே வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு.

நம் விஷயத்துக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் சில ஆண்டுகளில் கிளம்பினார்கள், மையம் கிளம்பவில்லை. புள்ளியியலாளர், ஆய்வகம், வீடு வீடாகப் போய் மருந்து எண்ணும் செவிலியர், கோப்பறை எல்லாம் இங்கேயே இருந்தன. அதுதான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் இயக்குநராக இருந்த சௌமியா சுவாமிநாதன் பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி ஆனார். அன்று யாரும் தனிநபர்களை ஒரு பட்டியலுக்கு முன்மொழிந்துகொண்டிருக்கவில்லை. நிரந்தரச் சம்பளத்தோடு ஓர் இடத்தைக் கட்டினார்கள். அந்த இடம் அடுத்தடுத்த தலைமுறையை உருவாக்கியது. பொருளாதார ஆர்.சி.டி.க்கு அப்படி ஓர் இடம் நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் உருவாகவில்லை. 2014இல் தமிழக அரசு ஜே-பாலோடு ஒப்பந்தம் போட்டு, துறைகளின் திட்டங்களைச் சோதித்துப் பார்க்க வழி செய்தது. 2021இல் அமைந்த முதலமைச்சரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் டுஃப்லோவும் இடம்பெற்றார். அரசுக்கும் வலையமைப்புக்கும் நேர்ப்பாதை போட்டாயிற்று. நடுவில் இருக்க வேண்டிய உள்ளூர்ப் பல்கலைக்கழகம்தான் காணோம்.

உள்ளூர் ஆராய்ச்சியாளர் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்வியும் நியாயமானது. 2015இல் நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டன் இந்த முறையையே நெடுநாளாக விமர்சித்து வருபவர். ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் ஏன் பலிக்கும் என்று குலுக்கல் சொல்லாது, ஆர்.சி.டி.யை மற்ற முறைகளுக்கெல்லாம் மேலான ஆதாரமாகத் தூக்கிவைப்பது தவறு என்பது அவர் வாதத்தின் சாரம். வலையமைப்பு ஒரு முறையின் பெயரால் கட்டப்பட்டிருப்பதால், புதியவர் எந்த நாட்டவராக இருந்தாலும் அந்த முறையில் அடங்கும் கேள்விகளைத்தான் கொண்டுவர வேண்டியிருக்கும். நிலவுரிமை, சாதி, கூலிப் பேரம் போன்றவற்றைக் குலுக்கிப் பார்ப்பது எளிதல்ல. இதில் டீட்டன் பக்கம் பாதி சாய்கிறேன். மீதிப் பாதிக்குக் காரணம் உண்டு: ஊரை அறிந்தவர் கையில் இதே கருவி வேறு கேள்விகளைக் கேட்கும். அங்கன்வாடிப் பணியாளரின் நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்தவருக்குத்தான் ‘இன்னொரு அரை ஆள்’ என்ற யோசனையே தோன்றும்.

கடைசியாக, சட்டம். வலையமைப்பு மனது வைத்தாலும் இந்தியாவில் அதன் கை கட்டப்பட்டிருக்கும் இடம் இது. வெளிநாட்டு நிதி பெற 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். 2020இல் வந்த திருத்தம், அப்படிப் பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவதையே தடை செய்துவிட்டது. நிர்வாகச் செலவுக்கான வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. அதாவது, வெளிநாட்டுப் பணத்தைப் பெறும் ஒரு பெரிய அமைப்பு, அதில் ஒரு பங்கைத் திண்டுக்கல்லில் உள்ள சிறு கல்லூரிக்குப் பிரித்துத் தர முடியாது. அந்தக் கல்லூரி ஆசிரியரை யார் முன்மொழிந்தாலும், அந்த வழியில் ஆய்வுப் பணம் அவர் கல்லூரிக் கணக்குக்கு வராது. பெரிய அமைப்பே செலவு செய்யும், ஆட்களையும் அதுவே அமர்த்தும். இதற்கு மாற்றாக உள்நாட்டுப் பணம் வேண்டும்: மாநிலத் திட்டக்குழுவோ, உயர்கல்வித் துறையோ, தனியார் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியோ. தமிழக அரசு தன் திட்டங்களைச் சோதிக்க ஒப்பந்தம் போடும்போது, முதன்மை ஆய்வாளர்களில் ஒருவராவது மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், அவருடைய வகுப்புச் சுமைக்கு மாற்றுச் செலவும் திட்ட மதிப்பீட்டில் வர வேண்டும் என்று இரண்டு வரி சேர்ப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.